வீட்டின் குறையை யார் சொல்வது?



ஒரு மனிதன் தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களுள் விலையால் மிகப் பெரியது யாது? பெரும்பாலோர்க்கு அது வீடுதான். கத்தரிக்காய் வாங்கப் போகிறவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். சொத்தை இருந்தால் தள்ளி வைக்கிறான். மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நடக்கவிட்டும் பார்க்கிறான். ஆனால் இருபது ஆண்டுச் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குகிறவனோ, பல வேளைகளில் வாசலில் நின்று வண்ணப் பூச்சைப் பார்க்கிறான், கூடத்தில் நின்று காற்று வருகிறதா என்று பார்க்கிறான், முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறான். சுவருக்குள் இருப்பது சுவருக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

அந்தச் சுவருக்குள் கரையான் புகுந்திருந்தால்? கடைக்காலுக்குக் கீழே மண் இளகியிருந்தால்? விற்பவன் அதனை அறிந்திருந்தும் வாய் திறவாதிருந்தால்? அந்த நட்டம் யாரைச் சேரும்? கட்டிய கொத்தனையா, விற்றவனையா, பாராமல் வாங்கியவனையா? இந்தக் கேள்வி நேற்று எழுந்ததன்று. மனிதன் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்து அதனை விலைக்கு விற்கத் தொடங்கிய நாள் முதலாகவே இருந்து வருகிறது. வெவ்வேறு நாட்டினர் வெவ்வேறு காலங்களில் இதற்குச் சொன்ன விடைகளே இன்றைய நமது பேச்சின் பொருள்.

இன்று மேலை நாடுகளில், சிறப்பாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வீடு வாங்குவோர் விலை பேசி ஒப்பந்தம் எழுதிய பின்னும், அதற்கெனப் பயின்ற ஒருவரை அழைத்து வந்து, கூரை முதல் கடைக்கால் வரை சோதித்த பின்னரே வாங்குவதை முடிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. வீட்டுச் சோதனை என்பது அங்கு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அத்தொழில் உருப்பெற்றது 1970களில்தான். ஆனால் அதன் வேரைத் தேடினால் நாம் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கும்.

முதலில் பாபிலோனுக்குச் செல்வோம். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட ஹம்முராபி மன்னன் தன் சட்டங்களைக் கரிய கல்லில் பொறித்து வைத்தான். 1901-02ஆம் ஆண்டுகளில் ஈரான் நாட்டின் சூசா என்னும் தொல்நகரில் பிரெஞ்சு ஆய்வாளர் அக்கல்லைக் கண்டெடுத்தனர். இன்று அது பாரிசு மாநகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வீடு கட்டுவோனைப் பற்றிய விதிகள் சில உள்ளன. கட்டியவன் உறுதியாகக் கட்டாததால் வீடு இடிந்து உரிமையாளன் இறந்தால், கட்டியவனுக்கு மரண தண்டனை. உரிமையாளனின் மகன் இறந்தால், கட்டியவனின் மகனுக்கு மரண தண்டனை. பொருள்கள் அழிந்தால் அவற்றுக்கு ஈடு தந்து, வீட்டையும் தன் செலவில் மீண்டும் கட்டித் தரவேண்டும். சுவர் சாய்ந்தால் தன் கைப்பொருளைக் கொண்டே அதனை வலுப்படுத்த வேண்டும்.

இவ்விதிகளின் கடுமை நம்மை நடுங்க வைக்கிறது. தந்தை செய்த பிழைக்கு மகன் உயிர் விடுவது நீதியாகாது என்பதை இன்று எவரும் ஒப்புவர். எனினும், வீட்டின் உறுதிக்குக் கட்டியவனே பொறுப்பு என்ற கருத்து அக்கல்லில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் ஒரு குறையும் உண்டு. அச்சட்டம் வீடு இடிந்த பிறகே விழித்துக்கொள்கிறது. இடிவதற்கு முன்பே சென்று பார்ப்பவர் எவரும் அதில் இல்லை.

முன்கூட்டிச் சென்று பார்க்கும் முறையை எபிரேயருடைய மறைநூலில் காண்கிறோம். லேவியராகமம் என்னும் பகுதியின் 14ஆம் அதிகாரத்தில், சுவரில் தோன்றும் நோய் ஒன்றைப் பற்றிய விதிகள் உள்ளன. பசுமையாகவோ செம்மையாகவோ சுவரில் குழிந்த கறைகள் தோன்றுவதே அந்நோய். அது பூசணமாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. வீட்டுக்காரன் சென்று குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வருவதற்கு முன் வீட்டிலுள்ள பொருள்களை எல்லாம் வெளியேற்ற வேண்டும். குரு வந்து பார்ப்பார். கறை சுவரின் மேற்பரப்பினும் ஆழமாக இருந்தால் வீட்டை 7 நாள் பூட்டி வைப்பார். ஏழாம் நாள் மீண்டும் வந்து பார்ப்பார். கறை பரவியிருந்தால், பழுதான கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, உட்புறம் முழுதும் காரையைச் சுரண்டிவிட்டு, புதுக் கல் வைத்துப் புதுக் காரை பூச வேண்டும். அதன் பின்னும் கறை திரும்பத் தோன்றினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். தோன்றாவிட்டால் வீடு தூயது என்று குரு அறிவிப்பார்.

மாணவர்களே, சமயச் சடங்கு என்ற போர்வையை நீக்கிவிட்டு இதன் முறையை மட்டும் நோக்குங்கள். வீட்டுக்காரனும் அல்லாத, கொத்தனும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் வருகிறார். கண்ணால் பார்க்கிறார். உடனே தீர்ப்புச் சொல்லாமல் காத்திருந்து மறுமுறை பார்க்கிறார். சிறு பழுதாயின் திருத்தச் சொல்கிறார். திருத்த முடியாததாயின் கைவிடச் சொல்கிறார். இன்றைய வீட்டுச் சோதனையாளர் செய்யும் வேலையின் எலும்புக்கூடு அப்படியே இங்கு உள்ளது.

அடுத்து உரோமாபுரிக்கு வருவோம். அங்கே நமது கேள்வி அறநூல் வல்லாரின் கைக்கு வந்து சேர்கிறது. கி.மு. 44ஆம் ஆண்டில் சிசரோ என்னும் பேரறிஞர், ஏதென்சு நகரில் கல்வி பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு சிக்கலை முன்வைக்கிறார். நல்லவன் ஒருவன் தன் வீட்டை விற்கிறான். அதன் குறைகளை அவன் மட்டுமே அறிவான். வீடு உடல்நலத்துக்குக் கேடானது, படுக்கை அறைகளில் எல்லாம் பாம்புகள் தென்படுகின்றன, மரங்கள் மட்டமானவை, எப்போது விழுமோ தெரியாது. ஊரார்க்கு இது தெரியாது. அவன் இவற்றைச் சொல்லாமல் நல்ல விலைக்கு விற்றுவிட்டால், அது அறமா?

இதில் சுடாயிக்கு நெறியைச் சார்ந்த இரு தத்துவ அறிஞர் எதிரெதிராக நிற்கின்றனர். ஒருவர் ஆசிரியர், பாபிலோனியரான டயோஜெனிசு. மற்றவர் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். ஆசிரியர் கூறுகிறார்: விற்றவன் வாங்கச் சொல்லி வற்புறுத்தினானா? இல்லை. வாங்குபவன் தன் கண்ணால் பார்த்துத் தன் அறிவால் முடிவு செய்தான். அப்படியிருக்க வஞ்சனை எங்கே வந்தது? தன் பொருளின் குறையைத் தானே கூவி விற்பவன் உலகில் உண்டா? மாணவர் மறுக்கிறார்: வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் போவதையே ஏதென்சு நகரத்தார் பழிக்குரியதாகக் கொண்டனர். இதுவோ அதனினும் கொடிது. ஒருவன் குழியில் விழுவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருப்பது. சிசரோ மாணவரின் பக்கமே நின்றார். தன் நன்மைக்காக, பிறர் அறியவேண்டியதை அறியாமலிருக்கச் செய்வது மறைத்தலே; அது நேர்மையாளர் செயலன்று என்று முடித்தார்.

இது வெறும் ஏட்டு வாதம் என்று எண்ண வேண்டா. சிசரோ உண்மையில் நடந்த வழக்கு ஒன்றையும் குறிக்கிறார். உரோமாபுரியின் சீலியக் குன்றின் மேல் சென்டுமாலசு என்பவனுக்கு ஒரு வீடு இருந்தது. பறவை நிமித்தம் பார்க்கும் குருமார், தம் பார்வையை மறைக்கும் அளவுக்கு உயர்ந்திருந்த பகுதிகளை இடிக்கும்படி அவனுக்கு ஆணையிட்டனர். அவன் அதனைச் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டான். வாங்கிய லனாரியசுக்கும் அதே ஆணை வந்தது, அவன் இடித்தான். பின்னரே, ஆணை வந்த பிறகுதான் வீடு விலைக்கு வந்தது என்று அறிந்து வழக்குத் தொடுத்தான். வழக்கைக் கேட்ட மார்க்கசு கேட்டோ, விற்கும்போது குறையை அறிந்திருந்தும் சொல்லாதவன், வாங்கியவனுடைய நட்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

ஆக, பாபிலோன் கட்டியவனைப் பொறுப்பாளி ஆக்கியது. உரோமாபுரியின் நீதிபதி விற்றவனைப் பொறுப்பாளி ஆக்கினார். இங்கிலாந்தின் பொதுச் சட்டமோ வேறு வழியில் சென்றது. ‘கேவியட் எம்ப்டர்’ என்னும் இலத்தீன் தொடர் ஒன்று உண்டு. ‘வாங்குபவன் விழித்திருக்க’ என்பது அதன் பொருள். விற்றவன் பொய் உரைக்காமலும் உறுதி அளிக்காமலும் இருந்தால், பொருளின் குறைக்கு அவன் பொறுப்பல்லன். 1603ஆம் ஆண்டில் நடந்த வழக்கொன்றில், பெசோவார் என்னும் மருத்துவக் கல் என்று சொல்லிப் பொற்கொல்லன் ஒருவன் 100 பவுனுக்கு ஒரு கல்லை விற்றான். அது அத்தகைய கல் அன்று என்று வாங்கியவன் முறையிட்டான். அவன் தோற்றான். விற்றவன் அப்படிச் சொன்னானே தவிர, உறுதிமொழி எதுவும் கொடுக்கவில்லை என்பதே காரணம்.

இவ்விதியை வெறும் கொடுமை என்று தள்ளிவிடலாகாது. அக்காலத்து வீடு எளியது. கல், செங்கல், மரம், ஓடு, அவ்வளவே. வாங்குபவன் பெரும்பாலும் உள்ளூரான். எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்பதை ஊரே அறியும். இருவரும் சமநிலையில் நின்று பேரம் பேசிய காலத்துக்கு அவ்விதி ஓரளவு பொருந்தியிருக்கலாம். ஆனால் காலம் மாறியது, வீடும் மாறியது.

அமெரிக்கா இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தையே தன் அடிப்படையாகக் கொண்டது. அங்கே மாசச்சூசெட்சு மாநிலத்தில் 1938ஆம் ஆண்டில் ஒருவர் ஒரு வங்கியிடமிருந்து வீடு வாங்கினார். அவ்வீடு கரையானால் அரிக்கப்பட்டிருந்தது. வங்கிக்கு அது தெரியும் என்றும், தம்மிடம் சொல்லவில்லை என்றும் அவர் முறையிட்டார். 1942ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. வங்கி பொய் சொல்லவில்லை; பார்க்க வந்தவரைத் தடுக்கவும் இல்லை; வாய் மூடி இருந்தது, அவ்வளவே; அதற்குப் பொறுப்பாக்கினால் குறை சொல்லாத ஒவ்வொரு விற்பனையாளனையும் பொறுப்பாக்க வேண்டிவரும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. டயோஜெனிசின் குரல் இரண்டாயிரம் ஆண்டு கழித்து மீண்டும் ஒலித்தது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை விரைந்து மாறிற்று. போரிலிருந்து திரும்பிய வீரர்க்கு வீடுகள் தேவைப்பட்டன. 1947ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரை அடுத்த லாங் தீவில் லெவிட் என்னும் நிறுவனம், தொழிற்சாலையில் வண்டிகள் செய்வதுபோல், ஒரே மாதிரியான வீடுகளைக் கட்டத் தொடங்கியது. 1951க்குள் அங்கே 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. மின்கம்பிகள் சுவருக்குள் ஓடின. வெந்நீர்க் குழாய்கள் தளத்துக்குள் ஓடின. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமாக இருந்த நிலை போய், பல பொறிகளின் தொகுதியாகிவிட்டது. வாங்குபவனுக்கு அவற்றைப் பார்க்கவும் வழியில்லை, பார்த்தாலும் புரியாது.

விளைவு என்ன? நியூஜெர்சி மாநிலத்தில் அதே நிறுவனம் கட்டிய வீடு ஒன்றில் ஒரு கைக்குழந்தை குளியலறைக் குழாயைத் திறந்து, கொதிக்கும் நீரால் வெந்து புண்ணாகியது. வெந்நீரோடு தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் சிறு கருவி அங்கே பொருத்தப்படவில்லை. ‘வாங்குபவன் விழித்திருக்க’ என்னும் விதியை அக்குழந்தையிடம் போய்ச் சொல்ல முடியுமா? 1965ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம், பெருந்திரளாக வீடு கட்டி விற்போர், வண்டி செய்து விற்போரைப் போலவே தம் பொருளின் குறைக்குப் பொறுப்பாவர் என்று கூறியது. ஹம்முராபியின் கருத்து, அவனுடைய வாள் நீங்கி, மீண்டும் உயிர் பெற்றது.

விற்போர் பற்றிய விதியும் இளகியது. 1960ஆம் ஆண்டில் வாசிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், கரையான் இருப்பதை அறிந்த விற்பனையாளர் அதனைச் சொல்லியே தீரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1974ஆம் ஆண்டில் நியூஜெர்சியில் தீர்ந்த வழக்கு வேடிக்கையானது. வீடு வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், காலியாயிருந்த அவ்வீட்டுக்கு ஓர் இரவு சென்று விளக்கைப் போட்டார்கள். கரப்பான் பூச்சிகள் எல்லாத் திசைகளிலும் ஓடின. முன்பு விளக்கெரிய வீட்டைக் காட்டியபோது அவை தென்படவில்லை. வாங்க மறுத்ததனால் வழக்கு எழுந்தது. கீழ்மன்றம் விற்றவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ, தெரிந்தே மறைத்திருந்தால் வாங்குவோர் ஒப்பந்தத்தினின்றும் விலகலாம் என்று கூறி, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பியது. ஆன்டிபேட்டரின் பக்கம் வெற்றி சாயத் தொடங்கிற்று.

ஆனால் இங்கொரு நுட்பத்தை உணரவேண்டும். விற்பவன் தான் அறிந்ததை மட்டுமே சொல்ல முடியும். அவனே அறியாத குறையை யார் சொல்வது? இந்த இடைவெளியில்தான் வீட்டுச் சோதனையாளர் தோன்றினார். 1976ஆம் ஆண்டில் அமெரிக்க வீட்டுச் சோதனையாளர் சங்கம் நிறுவப்பட்டது. எவற்றைப் பார்க்க வேண்டும், எவ்வாறு அறிக்கை எழுத வேண்டும் என்று அது வரையறை செய்தது. தாம் சோதித்த வீட்டை ஓராண்டுக் காலம் தாமே கூலி பெற்றுப் பழுது பார்க்கலாகாது என்றும் உறுப்பினர்க்கு விதித்தது. இது மிகவும் இன்றியமையாத விதி. குறை கூறுபவனே கூலிக்குத் திருத்துபவனாகவும் இருந்தால், குறைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் அல்லவா?

இத்தொழிலுக்குப் பெரும் ஊக்கம் தந்தது கலிபோர்னியாவில் 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஈசுடன் வழக்கின் தீர்ப்பு. 1976இல் 1,70,000 டாலருக்கு ஒரு வீடு விற்கப்பட்டது. மேடும் பள்ளமுமான நிலத்தில் மண்ணைக் கொட்டி, சரியாக இறுக்காமல் அதன்மேல் கட்டிய வீடு அது. வாங்கிய பின் நிலம் சரிந்தது, வீடு சிதைந்தது. தரகர்கள் சரிவைக் கண்டவரல்லர். எனினும் தளம் சமமாக இல்லாததையும், சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த வலை விரிக்கப்பட்டிருந்ததையும் அவர்கள் அறிந்திருந்தனர். தரகர் தாம் அறிந்ததைச் சொன்னால் மட்டும் போதாது. தக்க கவனத்தோடு வீட்டைப் பார்த்து, தென்படும் குறையையும் சொல்லவேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அதன் பின் தரகர்கள், ‘தேர்ந்த சோதனையாளர் ஒருவரை வைத்துப் பாருங்கள்’ என்று வாங்குவோரிடம் தாமே சொல்லத் தொடங்கினர். 1985ஆம் ஆண்டில் டெக்சாசு மாநிலம் வீட்டுச் சோதனைத் தொழிலைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தியது.

அதே 1984ஆம் ஆண்டின் இறுதியில் பென்சில்வேனியா மாநிலத்தில் வியப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. லிமரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் கதிர்வீச்சைக் காட்டும் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி ஒலித்தது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தி தொடங்காதது. ஆராய்ந்தபோது, கதிர்வீச்சு அவருடைய வீட்டிலிருந்தே வந்தது தெரிந்தது. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைவதால் ரேடான் என்னும் வாயு தோன்றுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது வீட்டின் அடித்தளத்தின் வழியே உள்ளே ஏறி நிறைந்திருந்தது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வகுத்துள்ள எல்லையைப் போல் பல நூறு மடங்கு அங்கே இருந்தது. வீட்டின் கீழிருந்து அவ்வாயுவை வெளியேற்ற வழி செய்த பின்னரே குடும்பத்தினர் திரும்பினர். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணமாக ரேடானை அந்நிறுவனம் குறிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் குறைகளே அன்றித் தெரியாத குறைகளும் வீட்டில் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

ஈயம் கலந்த வண்ணமும் இவ்வகையே. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது கேடு செய்வது. 1978இல் வீடுகளுக்கு அதனைப் பூசுவதை அமெரிக்கா தடை செய்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றன்படி, 1978க்கு முன் கட்டிய வீட்டை விற்போர் தாம் அறிந்ததைச் சொல்லவேண்டும். வாங்குவோர் விரும்பினால் சோதித்துப் பார்க்க 10 நாள் இடமளிக்கவும் வேண்டும்.

சரி, சோதனை நாளில் என்ன நடக்கிறது? சோதனையாளர் சில மணி நேரம் வீட்டைச் சுற்றி வருகிறார். மழைநீர் வீட்டைவிட்டு அகன்று ஓடும்படி நிலம் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். வீட்டுக்கு நீரைப் போன்ற பகைவன் வேறில்லை. கூரையையும், மழைநீர்க் குழாய்களையும், கூரைக்கு உட்புறத்து மரங்களையும் பார்க்கிறார். கடைக்காலிலும் சுவரிலும் உள்ள விரிசல்களை நோக்குகிறார். மயிரிழை போன்ற விரிசல் பூச்சு உலர்ந்ததால் வந்ததாக இருக்கலாம். படிக்கட்டுப் போல் செங்கல் வரிசையில் ஏறிச்செல்லும் விரிசல் கடைக்கால் இறங்குவதைக் காட்டலாம். மின்பலகையைத் திறந்து பார்க்கிறார். குழாய்களைத் திறந்து நீரின் வேகத்தையும் கசிவையும் நோக்குகிறார். கதவுகளையும் சன்னல்களையும் திறந்து மூடிப் பார்க்கிறார். கதவு சட்டத்தில் இடிப்பதும் சில வேளை கடைக்காலின் கதையையே சொல்லும். வாங்குபவர் உடன் சென்று கேள்வி கேட்பது நன்று. பின்னர் படங்களோடு அறிக்கை வருகிறது.

அவ்வறிக்கையைக் கண்டு மிரள வேண்டியதில்லை. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஒற்றுப்பிழைக்கும் சிவப்பு மை இடுகிறார். கருத்துப் பிழைக்கும் இடுகிறார். இரண்டும் ஒன்றாகா. அவ்வாறே, குறையில்லாத வீடு இல்லை. உயிருக்கு ஆபத்தானது எது, பெருஞ்செலவு வைப்பது எது, நாளடைவில் திருத்திக்கொள்ளத் தக்கது எது என்று பிரித்தறிவதே அறிக்கையின் பயன். அதனைக் கொண்டு வாங்குபவர் பழுது பார்த்துத் தரக் கேட்கலாம். விலையைக் குறைக்கக் கேட்கலாம். ஒப்பந்தம் இடந்தந்தால் விலகிக்கொள்ளலாம். அறிந்தே ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம்.

சோதனைக்கு எல்லையும் உண்டு. சோதனையாளர் சுவரை இடித்துப் பார்ப்பதில்லை, நிலத்தைத் தோண்டுவதில்லை, எதிர்காலத்துக்கு உத்தரவாதம் அளிப்பதுமில்லை. கரையான், ரேடான், கழிவுநீர்க் குழாய், கிணற்று நீர் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனிச் சோதனைகள் வேண்டும். ஆனால் பார்க்க வேண்டியதைப் பாராமல் விட்டால் அவரும் பொறுப்பாளியாகலாம். இங்கிலாந்தில் வீட்டை மதிப்பிட்ட ஒருவர், கீழ்ப்பகுதி அகற்றப்பட்ட புகைபோக்கியின் மேற்பகுதிக்குத் தக்க தாங்கல் இருக்கிறதா என்று பாராது விட்டார். வீடு வாங்கி ஒன்றரை ஆண்டில் செங்கற்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தன. 1989ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை, அவர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டின் நிலை என்ன? இங்கே நாம் பெருமைப்படத் தக்க செய்தி ஒன்று உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்திலுள்ள முக்கியமான குறையை விற்பவர் அறிந்திருந்து, வாங்குபவர் அறியாதிருந்து, சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்கவும் முடியாததாயின், விற்பவர் அதனைச் சொல்லியே ஆகவேண்டும் என்று விதிக்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இவ்விதி செல்லும். சொல்லாது விடுவதை மோசடி என்றே அச்சட்டம் கூறுகிறது. மாசச்சூசெட்சு நீதிமன்றம் வங்கியின் மௌனத்தை மன்னித்ததற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டம் இவ்வாறு கூறிவிட்டது. பின்னர் 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், வீடு கைக்கு வந்த 5 ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால், கட்டி விற்றவர் தம் செலவில் 30 நாளுக்குள் திருத்தித் தரவேண்டும் என்று 14ஆம் பிரிவில் விதித்தது.

ஆனால் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களை மீண்டும் நோக்குங்கள். ‘சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத’ குறையையே விற்பவர் சொல்ல வேண்டும். கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்னும் குறைக்கு வாங்குபவரே பொறுப்பு. ஆகவே கண் திறந்து பார்க்கும் கடமை நம்மைவிட்டு நீங்கவில்லை. நம் மக்கள் வீடு வாங்கும்போது மூலப் பத்திரத்தைப் பார்க்கின்றனர், வில்லங்கச் சான்று எடுக்கின்றனர், பட்டாவை ஒப்பிடுகின்றனர், வழக்கறிஞரைக் கலந்துகொள்கின்றனர். மிக நன்று. காகிதத்துக்குச் செய்யும் இந்தச் சோதனையில் ஒரு பங்கையேனும் கட்டடத்துக்குச் செய்வோர் குறைவு. 2014ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடிக்கும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 61 பேர் மாண்டனர். இறந்தவருள் பெரும்பாலோர் அதைக் கட்டிய ஏழைத் தொழிலாளர். கட்டடத்தின் குறை குடிபுகுவோரை மட்டுமன்றிக் கட்டுவோரையும் பலிகொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இளைஞர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? கட்டியவன், விற்பவன், வாங்குபவன் என்னும் மூவருள் ஒருவன் தலையிலேயே முழுச் சுமையையும் ஏற்றிய விதி எதுவும் நிலைத்து நிற்கவில்லை. கட்டுபவன் உறுதியாகக் கட்டவேண்டும். விற்பவன் அறிந்ததை மறையாது சொல்லவேண்டும். வாங்குபவன் கண் திறந்து பார்க்கவேண்டும். அவன் கண்ணுக்கு எட்டாததைப் பார்க்கப் பயின்றவன் ஒருவன் துணை நிற்கவேண்டும். நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள். எல்லீரும் ஒருநாள் ஒரு வீட்டை வாங்கவோ விற்கவோ நேரலாம். வாங்கும் நாளில் சுவரைத் தட்டிப் பாருங்கள். விற்கும் நாளில், தட்டாமலே தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். முன்னது அறிவு; பின்னது அறம்.